ஹட்டனில் ஒரு குழு தொடங்க நினைக்கிறோம்: உளப்பகுப்பாய்வை எங்கிருந்து ஆரம்பிப்பது?

டிக்கோயாப்பாதை | ஹட்டன் | ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உளவளத்துணை வேலைக்கு வந்து பதினொரு வருடம். டிப்ளோமா படித்தேன், சனி ஞாயிறு வகுப்பு. எப்படி உட்காருவது, எப்படி உம் கொட்டுவது, ஆம் இல்லை என்று முடியாத கேள்வியை எப்படிக் கேட்பது, இதெல்லாம் சொல்லித் தந்தார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், அதை வைத்துத்தான் இவ்வளவு நாள் ஓட்டினேன். ஆனால் போன வருடம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவே இல்லை. ஆளை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியிலிருந்து ஒரு அம்மாவை அனுப்பினார்கள். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம். தீராத தலைவலி. எல்லாச் சோதனையும் செய்தாயிற்று, ஒன்றும் இல்லை. வியாழக்கிழமை பின்னேரம் வருவார். கொழுந்துக் கூடைக் கயிறு பட்டுப் பட்டு உச்சந்தலையில் முடி தேய்ந்து போன இடத்தை விரலால் தடவிக்கொண்டே பேசுவார். நாலு கிழமையும் தலைவலிப் பேச்சுத்தான். ஐந்தாம் கிழமை எழும்பும்போது, "அடுத்த ரெண்டு கிழமை நான் லீவு அம்மா" என்றேன். அவர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். "நீங்களும் போயிட்டா நான் யார்கிட்ட மிஸ் வர்றது?" என்றார்.

"ரெண்டே கிழமைதான், கவலைப்படாதீங்க" என்று சொல்லி, நல்ல தூக்கத்துக்கு நாலு யோசனை அச்சடித்த தாளைக் கையில் கொடுத்து அனுப்பினேன். லீவு முடிந்து வந்தேன். அவர் வரவில்லை. அடுத்த கிழமையும் இல்லை.

அவருடைய கோப்பை மூடும்போது முதல் நாள் நிரப்பிய படிவத்தைப் பார்த்தேன். என் கையெழுத்தில் ஒரு வரி: "தாய் – 1975இல் இந்தியா. தொடர்பு இல்லை." 1964 ஒப்பந்தத்தில் குடும்பங்கள் எப்படிப் பிரிந்தன என்று நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எட்டு வயதில் தாயைக் கோச்சி ஏற்றிவிட்டு, பாட்டியோடு நின்றுபோன பிள்ளை அவர். அந்தப் படிவத்தை நிரப்பியவளே நான்தான். இருந்தும், "நீங்க போயிட்டா" என்று சொல்லாமல் "நீங்களும் போயிட்டா" என்று சொன்னாரே, அந்த 'உம்' என் காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு இணையத்தில் நடந்த ஓர் உளப்பகுப்பாய்வு அறிமுக வகுப்பில் சில மாதம் இருந்தேன். வியன்னாவில் ஃபிராய்ட் என்ற வைத்தியர் தொடங்கியது, ஆளுக்கே தெரியாமல் மனதில் கிடப்பதைப் பேச்சின் வழியே கேட்கிற முறை. அந்த 'உம்' போன்றவற்றுக்காகவே ஒரு துறை நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது என்று அங்கேதான் உறைத்தது. ஹட்டன், கொட்டகலை, நோர்வூட் பக்கம் வேலை செய்கிற ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு தொடங்க ஆசைப்படுகிறோம். உளவளத்துணையாளர்கள், தாதிமார், ஒரு சிறுவர் உரிமை உத்தியோகத்தர். வாசிப்பிலிருந்து தொடங்குவதா, நம் வேலையிலிருந்து தொடங்குவதா? யார் வழிநடத்துவது? சரிவருமா? சொல்லுங்கள்.

ஊவாடொக்டர் | பதுளை | ஞாயிறு, இரவு 10.40

மிஸ், இவ்வளவு நேர்மையாக எழுதியதற்கு நன்றி. ஆனால் நான் மறுத்துத்தான் பேசப் போகிறேன், தப்பாக எடுக்காதீர்கள்.

என் கிளினிக்கில் ஒரு காலைக்கு 60, 70 பேர். இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். வந்தால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். ஓர் ஆளுக்கு ஏழெட்டு நிமிடம் கிடைத்தால் பெரிது. இதில் உளப்பகுப்பாய்வுக்குக் கிழமைக்கு நாலு நாள், வருடக்கணக்கில் என்றால் யாருக்காகப் பேசுகிறோம்?

இன்னொன்று. இந்த நாட்டில் தற்கொலை எப்படிக் குறைந்தது? 1995இல் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. உலகிலேயே மிக மோசமான விகிதங்களில் ஒன்று. அந்த வருடம் மிகக் கொடிய பூச்சிகொல்லிகளைத் தடுத்தார்கள், 1998இல் எண்டோசல்பானையும் தடுத்தார்கள். 1996க்கும் 2005க்கும் இடையில் விகிதம் பாதியானது. அந்த உயிர்களைக் காப்பாற்றியது யாருடைய நனவிலி மனதையும் திறந்து பார்த்ததால் அல்ல. கொல்கிற போத்தல் கடையில் கிடைக்காமல் போனதால்.

சிம்பாப்வேயில் ஆஸ்பத்திரி முற்றத்து வாங்கில் உட்காரவைத்து, பயிற்சி பெற்ற பாட்டிமார் ஆறு அமர்வில் பிரச்சினை தீர்க்கும் முறையைச் செய்கிறார்கள். 2016இல் வெளிவந்த ஆய்வில் நல்ல பலன். நமக்கு அது பொருந்தாதா?

கடைசியாக ஒன்று, இது மனதில் கிடக்கிற வலி. 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தயில் மண் சரிந்து லயங்கள் புதைந்த பிறகு, உளசமூகப் பயிற்சி கொடுக்க எத்தனை பேர் வந்தார்கள் என்று இந்தப் பக்கத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். இரண்டு நாள் பயிற்சி, சான்றிதழ், போட்டோ. பிறகு ஆளைக் காணோம். அரைகுறையாகக் கற்றவர்கள் மட்டும் மிஞ்சினோம். இதுவும் அப்படி ஆகிவிடக் கூடாது. உளப்பகுப்பாய்வில் அரைகுறை அறிவு இன்னும் ஆபத்து. "உங்க தலைவலிக்குக் காரணம் உங்க அம்மா" என்று மூன்றாம் நாள் சொல்லிவிடுவார்கள்.

ஹந்தானை | கண்டி | திங்கள், காலை 6.50

டொக்டரின் கடைசிப் பந்தியோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அதனாலேயே பயிற்சி என்றால் என்ன என்று கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் இன்னும் பயிற்சியில் இருப்பவன். கிழமைக்கு நாலு நாள், விடிய ஐந்தரைக்கு, இந்தியாவில் இருக்கிற என் அனலிஸ்டோடு, அதாவது உளப்பகுப்பாய்வாளரோடு, திரையில் பேசுகிறேன். ஆறாவது வருடம். சிக்னல் விழாத நாளில் ஜன்னலோரம் மூன்று சுவெட்டரோடு உட்கார்ந்திருப்பேன். இதில் நான் நோயாளிக்கான இடத்தில் இருக்கிறேன். அதுதான் பயிற்சியின் முதல் பாகம்.

அடுப்புக்கு மூன்று கல் போல, இந்தப் பயிற்சிக்கும் மூன்று. ஒன்று, தன்னையே பகுப்பாய்வுக்கு உட்படுத்துவது. இரண்டு, அனுபவசாலி ஒருவரிடம் கிழமைதோறும் சொல்லிச் சொல்லி நோயாளியைப் பார்ப்பது, நாம் சுப்பர்விஷன் என்கிறோமே, அது. மூன்று, படிப்பு வகுப்பு. 1920இல் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கனும் கார்ல் ஆப்ரகாமும் தொடங்கிய நிலையத்தில் இந்த முறை உருவானது. சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கத்தின் பயிற்சியில் பொதுவாகக் கிழமைக்கு நாலைந்து அமர்வு என்றிருந்தது, 2017இலிருந்து மூன்றையும் ஏற்கிறார்கள். ஒரு கல்லை எடுத்தால் பானை நிற்காது. படிப்பு வகுப்பை மட்டும் முடித்துவிட்டு "நான் அனலிஸ்ட்" என்று பலகை மாட்டுவதுதான் டொக்டர் பயப்படுகிற விஷயம்.

ஆனால் அந்த பெர்லின் நிலையம் எதற்காகத் திறக்கப்பட்டது தெரியுமா? அது கிளினிக். பணமில்லாதவர்களுக்கு இலவசம். இரண்டு வருடம் முந்தி, 1918இல், புடாபெஸ்ட் கூட்டத்தில் ஃபிராய்ட் பேசினார்: ஏழைக்கு அறுவைச் சிகிச்சையில் எவ்வளவு உரிமையோ, மனதுக்கான உதவியிலும் அவ்வளவு உரிமை என்று சமூகம் ஒருநாள் உணரும் என்றார். அப்படிப் பெருவாரியாகச் செய்யும்போது பகுப்பாய்வு என்ற தங்கத்தோடு நேரடிக் கருத்தேற்றம் என்ற செம்பையும் கலக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். ஆக, இது வசதியானவர்களின் விஷயமாக மட்டும் இருக்கக் கூடாது என்ற எண்ணம் புதிது இல்லை.

நம் பக்கத்திலும் பழைய வேர் இருக்கிறது. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கினார். வியன்னாவுக்குப் போய்ப் படித்தவர் அல்லர். தானாக வாசித்து, நோயாளிகளைப் பார்த்து, ஃபிராய்டோடு கடிதத்தில் வாதாடினவர். வங்காளத்து ஆண்களிடம் கண்டதை வைத்து ஃபிராய்டின் சில முடிவுகளை மறுத்தும் எழுதினார்.

அப்புறம் மருத்துவர் அல்லாதவர்கள் இதில் இறங்கலாமா என்ற கேள்வி. வியன்னாவில் தியோடர் ரைக் மருத்துவர் இல்லை என்று வழக்குப் போட்டார்கள். 1926இல் ஃபிராய்ட் அவருக்காக ஒரு நூலே எழுதினார், மருத்துவப் பட்டம் கட்டாயமில்லை என்று. நம் மனநல அவசர அழைப்பு இலக்கமும் 1926தான்.

மிஸ், நீங்கள் கேட்டதற்குப் பதில்: வாசிப்பில் தொடங்காதீர்கள். மைக்கேல் பாலின்ட் என்றொருவர் லண்டனில் 1950களில் சாதாரணக் குடும்ப வைத்தியர்களைக் கிழமைக்கு ஒரு தடவை கூட்டினார். பாடம் கிடையாது. ஒருவர், குறிப்பைப் பார்க்காமல், தன்னைத் தொந்தரவு செய்கிற ஒரு நோயாளியைப் பற்றிப் பேசுவார். மற்றவர்கள் அதைக் கேட்டுத் தங்களுக்குள் எழுந்ததைச் சொல்வார்கள். வைத்தியர்கள் அதிகமாகக் கொடுக்கிற மருந்து வைத்தியரேதான், ஆனால் அந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றார் பாலின்ட். யாரும் அனலிஸ்ட் ஆகவில்லை. கேட்கிற விதம் மாறியது. எட்டுப் பத்துப் பேருக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

தலவாக்கலைத்தாதி | திங்கள், பின்னேரம் 4.05

நான் சமூக மனநலத் தாதி. முந்தி ஒரு வார்டில் இருந்தேன், எங்கே என்று வேண்டாம்.

சாவதற்கு மருந்து குடித்துவிட்டு மூன்றாம் தடவையாக வந்த ஒரு தம்பி. இருபது வயது. இரவு ஒரு மணி. அன்றைக்கு வார்டில் நானும் இன்னொரு பிள்ளையும் மட்டும். அவனுக்குக் குழாய் போடும்போது என் கை கடுமையாக இருந்தது. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் கடுமையாக இருந்தது எனக்குத் தெரியும். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது, என்னைப் பார்த்து "சொறி மிஸ்" என்றான். அந்த சொறி ஒன்பது வருடமாக என்னோடு இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், "தாதி என்றால் பொறுமை வேண்டும்" என்பார்கள். அது எனக்குத் தெரியாதா?

நோயாளியில் நமக்கு வரும் கோபத்தைப் பற்றி இந்தத் துறையில் எழுதியிருக்கிறார்களா? இருந்தால் நான் வருகிறேன். தியரி எதுவும் வேண்டாம், அதை மட்டும் பேசினாலும் போதும்.

ஹந்தானை | கண்டி | திங்கள், இரவு 8.30

அக்கா, எழுதியிருக்கிறார்கள். வினிகொட் என்ற குழந்தை வைத்தியர், 1949இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்கிறவருக்கு வெறுப்பு வந்தே தீரும், அது வந்ததைத் தானே அறிந்திருந்தால்தான் நோயாளி மேல் இறக்காமல் இருக்கலாம் என்றார். பெற்ற தாய்க்கே பிள்ளை மேல் வெறுப்பு வருவதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். அன்பில்லாதவர்களைப் பற்றி அல்ல, அன்பாய் இருப்பவர்களைப் பற்றித்தான்.

சாகத் துணிந்தவர்கள் வருகிற இடத்தில் வேலை செய்பவரிடம் நிறையப் பேர் தங்கள் சுமையை இறக்கிவிட்டுப் போகிறார்கள். அந்த இரவில் உங்கள் கை கடுமையாக இருந்ததில், அந்தத் தம்பி தன்மேல் வைத்திருந்த கோபம் எவ்வளவு, ஆள் பற்றாக்குறை எவ்வளவு, உங்களுடையது எவ்வளவு? இதை ஒரு குழுவில் பேசலாம். இங்கே நான் பதில் சொல்லி முடிக்கக் கூடாது. வாருங்கள்.

பண்டாரவளைப்பெண் | திங்கள், இரவு 9.15

வணக்கம். நான் உளவியல் பட்டம் முடித்து இப்போதுதான் வேலைக்கு வந்தவள். சின்னக் கேள்வி. சோபாவில் படுக்கவைத்துக் கனவைக் கேட்பதுதான் இது என்று நினைத்திருந்தேன். எங்கள் அறையில் ஒரு மேசையும் இரண்டு பிளாஸ்டிக் கதிரையும் இருக்கின்றன. படுப்பதற்கு இடமே இல்லை. அப்படியென்றால் என்ன செய்வது?

ஹந்தானை | கண்டி | திங்கள், இரவு 9.50

தங்கச்சி, கதிரை போதும். முழுப் பகுப்பாய்வுக்குத்தான் படுக்கை. கிழமைக்கு ஒரு தடவை முகம் பார்த்துப் பேசுகிற உளப்பகுப்பாய்வுவழி சிகிச்சை தனி. அதுவும் இல்லாமல், இந்தப் பார்வையைத் தன் அன்றாட வேலையில் வைத்துக்கொள்வது இன்னொன்று. நாம் பேசுவது மூன்றாவதைப் பற்றி.

செய்வது என்ன என்று கேட்டால், ஃபிராய்ட் 1913இல் எழுதியதைச் சொல்கிறேன். நோயாளியிடம் இப்படிச் சொல்லுங்கள் என்கிறார்: நீங்கள் கோச்சியில் ஜன்னலோர ஆசனத்தில் இருக்கிறீர்கள், வெளியே மாறி மாறித் தெரிவதை உள்ளே இருக்கிற ஒருவருக்குச் சொல்லிக்கொண்டே வாருங்கள். அற்பமாய்ப் பட்டாலும், வெட்கமாய் இருந்தாலும், ஒன்றையும் விடாமல். நானுஓயாவிலிருந்து பண்டாரவளைக்குக் கோச்சியில் வருகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? பட்டிப்பொலைக்கு அந்தப்பக்கம் சுரங்கம் வரும், கொஞ்ச நேரம் எதுவும் தெரியாது. ஆள் பேச்சை நிறுத்துகிற இடம் அதுதான். அங்கே அவசரப்பட்டு லைட் போடாமல் கூடவே உட்கார்ந்திருப்பது நம் வேலை.

காமன்பொட்டல் | இறம்பொடை | செவ்வாய், காலை 7.20

ஓய்வு பெற்ற ஆசிரியன். உங்கள் துறை ஆள் இல்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் மாசியில் கம்பம் ஊன்றிக் காமன் கூத்து ஆடுவோம். காமனை எரித்த இரவு ரதி அழுவாள். ரதி வேஷம் கட்டுகிறவன் எங்கள் ஸ்டோர் தொழிலாளி. ஆனால் அந்த ஒப்பாரிக்குத் தோட்டமே அழும். அந்த வருடம் பிள்ளையைப் பறிகொடுத்தவள் அழுவாள், மகள் குவைத்துக்குப் போனவள் அழுவாள். யாரும் யாரிடமும் காரணம் கேட்பதில்லை. மூன்றாம் நாள் காமன் எழுந்துவிடுவான். நீங்கள் வந்து இதற்கு அர்த்தம் சொல்லப் போகிறீர்களா? எங்கள் சாமியாடிக்கு நோய்ப் பெயர் வைக்கப் போகிறீர்களா? அந்தப் பயம் எனக்கு இருக்கிறது.

டிக்கோயாப்பாதை | ஹட்டன் | செவ்வாய், பகல் 1.10

மாஸ்டர், உங்கள் பயம் நியாயம். நான் லயத்தில் பிறந்தவள். என் அப்பாவும் மாடசாமிக்குக் காவடி எடுத்தவர். உங்கள் சாமியாடிக்கு நான் பெயர் வைக்க மாட்டேன்.

இந்த விஷயத்தில் நம் நாட்டிலேயே ஒருவர் வழி காட்டியிருக்கிறார். பேராதனையில் கற்பித்த மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர. கதிர்காமத்தில் சடைமுடி வளர்த்த சாமியாடிப் பெண்களோடு நீண்ட காலம் பேசி 1981இல் ஒரு நூல் எழுதினார். சடை என்றால் இதுதான் அர்த்தம் என்று பொதுவாக ஒரு விளக்கம் சொல்லி முடித்துவிடவில்லை. இந்தப் பெண்ணுக்கு அந்தச் சடை எப்போது வந்தது, அவளுடைய புருஷன், தாய், சாமி, இழப்பு, எல்லாவற்றையும் அவள் வாயாலேயே கேட்டார். ஊருக்குச் சொந்தமான ஓர் அடையாளம் ஒருத்தியின் சொந்த வாழ்க்கையோடு எங்கே முடிச்சுப் போடுகிறது என்று பார்த்தார். உளப்பகுப்பாய்வை இங்கே எப்படிப் பயன்படுத்தலாம் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

ஒப்பாரிக்கு அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கூத்து முடிந்து பத்து மாதமாகியும் ஒருத்தி அழுகையை நிறுத்த முடியாமல், அல்லது அழவே முடியாமல் என்னிடம் வந்தால், "எனக்கு மட்டும் காமன் எழும்பல மிஸ்" என்று சொன்னால், அதைக் கேட்கத் தெரிந்தவளாக நான் இருக்க வேண்டும்.

டொக்டருக்கு: பூச்சிமருந்து விஷயத்தை நான் மறுக்கவே மாட்டேன். நீங்கள் சொன்ன பாட்டிமாரின் வாங்கு முறையும் இங்கே வரட்டும், நான் முதல் ஆளாகப் போகிறேன். ஆனால் போத்தல் கிடைக்காததால் பிழைத்தவன் அடுத்த நாள் காலை கண் விழிக்கிறானே, அவன் பக்கத்தில் யார் உட்காருவது? வார்டில் தாதி அக்கா நின்ற இடம் அதுதானே. பயிற்சி கொடுத்துவிட்டுப் போனார்கள் என்றீர்கள். என்னிடம் வந்த அந்தத் தலைவலி அம்மாவையும் நான் அப்படித்தான் விட்டுவிட்டுப் போனேன், கையில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு.

இன்னொரு பெரிய சிக்கல், இடம். எங்கள் அறைக்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் ஆள் பேசுவது கேட்காது. பலகைச் சுவருக்கு அந்தப்பக்கம் பதிவு எழுதுகிற பிள்ளை இருக்கிறது. லயத்துக்குப் போனால் இஸ்தோப்பில் ஐந்து பேர் காது கொடுத்து நிற்பார்கள். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஏழு பேர் இருக்கிற வீட்டில், ஒருத்தி தன் மனதில் இருப்பதைத் தனியாகப் பேசிய அனுபவமே வாழ்நாளில் இருந்திருக்காது. நேரமும் இடமும் மாறாமல் இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னபோது முதலில் இது வெள்ளைக்காரன் சட்டம் என்றுதான் நினைத்தேன். இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. நம் சனத்துக்கு மாறாமல் இருந்தது எது? வீடும் தோட்டத்துக்குச் சொந்தம், பிரஜாவுரிமையும் 1948இல் போனது. வியாழன் இரண்டரைக்கு இந்தக் கதிரை உனக்கு என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை.

தலவாக்கலைத்தாதி | செவ்வாய், இரவு 7.30

மொழியைப் பற்றி யாரும் பேசவில்லை. டொக்டர் சிங்களத்தில் கேட்பார், அட்டெண்டன்ட் தமிழில் கேட்பார், அம்மா பத்து வசனம் சொல்லுவார், அட்டெண்டன்ட் "தூக்கம் இல்லையாம்" என்பார். மிஸ் சொன்ன அந்த 'உம்' அங்கேயே செத்துப்போகும்.

ஹந்தானை | கண்டி | செவ்வாய், இரவு 8.10

ரொம்பச் சரி. "பேச்சு வைத்தியம்" என்ற பெயரே ஒரு நோயாளி வைத்தது. புரோயரும் ஃபிராய்டும் 1895இல் எழுதிய நூலில் அன்னா ஓ என்று வருகிற பெண். ஜெர்மன் அவருடைய தாய்மொழி, ஆனால் நோய் கடுமையான காலத்தில் அது வராமல் போய் ஆங்கிலத்தில்தான் பேசினார், அந்தப் பெயரையும் ஆங்கிலத்தில்தான் வைத்தார். எந்த மொழி வருகிறது, எந்த மொழி வர மறுக்கிறது என்பது முதல் நோயாளியிலிருந்தே உள்ள கேள்வி. ஆகவே குழு தமிழில்தான் நடக்க வேண்டும், நோயாளி சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே சொல்ல வேண்டும். "மன அழுத்தம்" என்று மொழிபெயர்க்காமல் "நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி" என்றே.

பண்டாரவளைப்பெண் | செவ்வாய், இரவு 8.25

அப்படியானால் ட்ரான்ஸ்ஃபரன்ஸுக்கு, பழைய உறவின் உணர்வை இப்போதுள்ள ஆள்மேல் ஏற்றுவதற்கு, என்ன சொல்வது? பல்கலைக்கழகக் குறிப்பில் "உணர்வு இடமாற்றம்" என்று இருந்தது. அதைக் கேட்டால் ட்ரான்ஸ்பர் லெட்டர்தான் நினைவுக்கு வருகிறது.

தலவாக்கலைத்தாதி | செவ்வாய், இரவு 8.40

எங்கள் அம்மா சொல்லுவார், "பழைய துரைகிட்ட இருந்த கணக்கப் புதுத் துரைகிட்ட கேக்காத" என்று. அதுதானே இது? பழைய கணக்கைப் புது ஆளிடம் கேட்பது.

டிக்கோயாப்பாதை | ஹட்டன் | செவ்வாய், இரவு 8.52

அக்கா, எங்கள் குழுவில் இனி அதற்குப் "பழைய கணக்கு" என்றுதான் பெயர்.

ஊவாடொக்டர் | பதுளை | புதன், இரவு 10.15

எல்லாவற்றையும் வாசித்தேன். சும்மா இணங்க மாட்டேன். பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் சொல்லுங்கள்.

ஹந்தானை | கண்டி | புதன், இரவு 11.05

லண்டன் டவிஸ்டொக் கிளினிக் ஆய்வு, 2015இல் வெளிவந்தது. வேறு சிகிச்சைகளுக்கு அசையாத நாட்பட்ட மனச்சோர்வு உள்ள 129 பேர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு கிழமைக்கு ஒன்று வீதம் 18 மாதம் உளப்பகுப்பாய்வுவழி சிகிச்சை, மற்றவர்களுக்கு வழக்கமானது மட்டும். சிகிச்சை முடிந்த அன்று பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை, இதை மறைக்க மாட்டேன். ஆனால் தொடங்கி மூன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது, சிகிச்சை பெற்றவர்களில் 44 வீதமானோருக்குப் பெருமனச்சோர்வு என்று சொல்லத்தக்க நிலை இல்லை. மற்றப் பக்கம் 10 வீதம். முடிந்த பிறகும் உள்ளே ஏதோ வேலை நடந்திருக்கிறது. இது லண்டன், நம் கிளினிக் அல்ல. குழுவில் கலந்துகொள்வதால் நம் நோயாளிக்கு இதே பலன் வரும் என்றும் நான் சொல்லவில்லை.

ஊவாடொக்டர் | பதுளை | வியாழன், காலை 6.30

சரி. முடிந்த அன்று வித்தியாசம் இல்லை என்று நீங்களே சொன்னதால்தான் மீதியை நம்புகிறேன்.

ஆறு தடவை வருகிறேன், கேட்கிறவனாக. ஒரு நிபந்தனை: சாவு எண்ணம், பிள்ளைக்கு ஆபத்து, குரல் கேட்கிறது, உணவு நின்றுவிட்டது, இவை வந்தால் குழுவுக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே எனக்கோ பக்கத்து மனநலப் பிரிவுக்கோ அனுப்ப வேண்டும், இரவென்றால் 1926. ஆராய்வதெல்லாம் அதற்குப் பிறகு.

டிக்கோயாப்பாதை | ஹட்டன் | வியாழன், இரவு 9.00

டொக்டர், உங்கள் நிபந்தனையை முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்.

நாங்கள் பேசி முடிவு செய்தது: மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை, ஒன்றரை மணித்தியாலம், ஹட்டனில் ஒரே அறை. ஒன்பது பேருக்கு மேல் வேண்டாம். ஒரே தோட்டத்தை இரண்டு பேர் பார்த்தால் அங்குள்ள ஆளைப் பற்றிப் பேசக் கூடாது, பெயர் மாற்றினாலும் தெரிந்துவிடும். கோப்பைக் கொண்டுவரக் கூடாது. ஒருவர் பத்து நிமிடம் சொல்வார், பிறகு கதிரையைக் கொஞ்சம் பின்னால் இழுத்துவிட்டு மற்றவர்கள் பேசுவதைக் கேட்பார். அறிவுரை சொல்லக் கூடாது. இதுதான் எனக்கு மிகக் கஷ்டமாக இருக்கப் போகிறது. கண்டிச் சேர் தன் சுப்பர்வைசரிடம் பேசி, அவர் மாதம் ஒரு தடவை திரையில் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். வாசிப்பு நாலு மாதம் கழித்து, அதுவும் ஒரு தடவைக்கு ஐந்து பக்கத்துக்கு மேல் இல்லை. யாரும் தன்னை அனலிஸ்ட் என்று சொல்லக் கூடாது. சான்றிதழ் கிடையாது.

டிக்கோயாப்பாதை | ஹட்டன் | பத்துக் கிழமை கழித்து, சனி, இரவு 8.45

தனிமடலில் நிறையப் பேர் கேட்டதால் எழுதுகிறேன். ஐந்து தடவை கூடிவிட்டோம். முதல் நாள் நான்தான் பேசினேன். பத்து நிமிடம் என்று நினைத்தது ஏழு நிமிடத்தில் முடிந்துவிட்டது, அப்புறம் பேச்சே வரவில்லை. கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். தாதி அக்கா, "எனக்கு அந்தத் தாள்ல கோபம் வருது" என்றார். பண்டாரவளைத் தங்கச்சி, "எனக்கு மிஸ்ஸில பாவமா இருக்கு, அவங்களும் யாரையாவது விட்டுட்டு லீவு போனாங்களா" என்றாள். டொக்டர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்குத் தலை வலிக்குது, கொஞ்ச நேரமா" என்றார். அறை முழுக்க அமைதி. அந்த அம்மாவின் தலைவலி இவ்வளவு பக்கத்தில் வந்து உட்காரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த லீவு எதற்காகப் போனேன் என்று அன்று இரவு பஸ்ஸில்தான் நினைவுக்கு வந்தது. என் அம்மாவின் ஆண்டுத் திவசம்.

இரண்டு பேர் விலகிவிட்டார்கள். ஒருவருக்கு சனிக்கிழமை வேலை. மற்றவர், "இங்க வந்துட்டுப் போனா ரெண்டு நாளைக்குத் தூக்கமில்ல" என்று நேராகச் சொல்லிவிட்டுப் போனார். அது நாங்கள் போதிய அளவு கவனிக்காத விஷயம், அடுத்த மாதம் கண்டிச் சேரின் சுப்பர்வைசரோடு அதைத்தான் பேசப் போகிறோம்.

நோயாளிகளைப் பற்றி இனி இங்கே எழுத மாட்டேன், பொதுவெளி இது. என் அறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பதிவு எழுதுகிற பிள்ளையின் மேசையை வெளி வராந்தாவுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், தந்துவிட்டார்கள். ஆள் உட்காரும் இடத்திலிருந்து தெரியும்படி சுவரில் ஒரு பெரிய காலண்டர் மாட்டியிருக்கிறேன். நான் இல்லாத நாட்களை மூன்று கிழமை முந்தியே சிவப்பில் வட்டம் போட்டு, ஒவ்வொருவரிடமும் வாயாலும் சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குத் தாவுவதில்லை. உள்ளே வருகிறவர்கள் இப்போது என் முகத்துக்கு முன்பு காலண்டரைத்தான் பார்க்கிறார்கள்.

வருகிற கூட்டத்தில் தாதி அக்கா பேசுகிறார். விலகியவர்களின் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. நுவரெலியா பக்கத்திலிருந்து யாராவது வர விரும்பினால் தனிமடல் போடுங்கள்.